நிறுத்தச் சொல்ல ஆளில்லாத மொச்சை

செத்த பிறகு அப்பா தங்கமாகிவிட்டார்.

உயிரோடு இருந்த வரை அவரை யாரும் தங்கம் என்று சொன்னதில்லை. தகரம் என்று சொல்லவும் பயம். தகரத்தைத் தட்டிப் பார்த்து, தடிப்பு போதாது என்று திருப்பி அனுப்புகிற ஆள் அவர். மோட்டார்களுக்குத் தண்டு கடைந்து கொடுக்கும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். கடைந்து வருவதை அளப்பார். சரியென்றால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. பச்சை மை புட்டியிலேயே காய்ந்து கிடக்கும், சிவப்பு மைக்கு மட்டும் ஸ்டோரில் அடிக்கடி போய் நிற்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே அவருக்குப் பெயர் ‘ரிஜெக்ட்’. “ரிஜெக்ட் வராரு” என்று ஒருவன் முணுமுணுத்தால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவன் டம்ளரை நிமிர்த்திப் பிடிப்பான்.

வேலை முடிந்தாலும் முத்திரையைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. பொத்தான்களுக்கு நடுவில் இடைவெளி ஒன்றுபோல் இல்லை என்று ஒரே சட்டையைத் தையல்காரரிடம் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசியில் தையல்காரர் துணிக்காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று கும்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய சுவர் சாய்ந்திருக்கிறது என்று நூல் கட்டித் தொங்கவிட்டு நிரூபித்தார். அதிலிருந்து அந்த வீட்டோடு பேச்சில்லை. மகள் ஒருமுறை, கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் டீயில் சர்க்கரையை ஒரு தடவை வலப்பக்கமாகவும் ஒரு தடவை இடப்பக்கமாகவும் கலக்கினான். “ஒரு முடிவுக்கு வராத பய” என்றார் அப்பா. கதை அத்தோடு முடிந்தது. அவள் வேறு யாரையும் அழைத்து வரவில்லை.

இப்போது அந்தத் தையல்காரர் வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, “தங்கமான மனுஷன்மா, துணியப் பத்தி அவரளவுக்குத் தெரிஞ்சவங்க கிடையாது” என்று மூக்கை உறிஞ்சினார். பக்கத்து வீட்டுக்காரர் சாய்ந்த சுவரைச் சுற்றி வந்து, “தங்கம்! தங்கம்!” என்றார். அப்பாவின் தங்கை, மகளுக்கு அத்தை, ஊரிலிருந்து வந்து பெட்டியோடு தங்கிவிட்டாள். வருகிறவர்கள் தங்கம் என்று சொல்ல மறந்தால் அத்தையே எடுத்துக் கொடுப்பாள்.

மகளுக்கு இது தாங்கவில்லை. அவள் வேலை, பெரிய இயந்திரங்களின் அதிர்வை அளப்பது. பல இடங்களில் மானிகளைப் பொருத்தி, எண்களைப் படித்து, எந்த உறுப்பு எப்போது உடையும் என்று சொல்ல வேண்டும். எல்லா மானிகளும் ஒரே எண்ணைக் காட்டினால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, மானிகள் பழுது என்று அர்த்தம். அது அவளுக்கு முதல் பாடம். மருத்துவமனையிலும் அப்பாவின் கட்டிலுக்கு மேலே இருந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் இறங்கின. அவளுக்கு அவற்றைப் படிக்கத் தெரிந்தது. வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அழுவதற்கு அப்பா வேண்டும். வருகிறவர்கள் விட்டுப்போவதோ யாரோ ஒரு தங்கமான மனிதரை. அவருக்காக எப்படி அழுவது? அறிமுகமே இல்லையே. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: யாராவது ஒருவர் அப்பாவைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். திட்டாக இருந்தாலும் சரி. திட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கென்றே பிறந்த ஆள் ஒருவர் இருந்தார். ஃபோர்மன். அதே தொழிற்சாலையில் தண்டு கடைகிற பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஆட்கள் கடைவார்கள், அப்பா திருப்பி அனுப்புவார். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள். அப்படிப்பட்டவரை அப்பா ஆண்டுக்கு ஒருமுறை, மொச்சைக் காலத்தில், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். அவரும் தவறாமல் வருவார். வந்து, பேசாமல் தின்றுவிட்டு, பேசாமல் போவார். ஏன் என்று மகளுக்கு விளங்கியதே இல்லை.

மூட்டு அறுவை செய்து படுத்திருந்ததால் ஃபோர்மனால் சாவுக்கு வர முடியவில்லை. குளிர் தொடங்கி, சந்தையில் பச்சை மொச்சை வந்து இறங்கிய வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. அம்மா எடுத்தாள்.

“நான்தாம்மா. இந்த வருஷம் மொச்சை உண்டா?”

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்டதைச் சொன்னாள். அத்தை பொங்கிவிட்டாள். “ஆளே போய்ட்டாரு, இவருக்கு மொச்சை கேக்குதா? என்ன மனுஷன் அண்ணி இவன்?”

“உண்டுன்னு சொல்லும்மா” என்றாள் மகள். அத்தனை நாளில் அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

அந்த வீட்டில் மொச்சை வேகவைப்பது சமையல் அல்ல, ஆய்வு. அப்பா அடுப்பைத் தொடமாட்டார், கரண்டி பிடிக்கமாட்டார். ஆனால் மொச்சை அவருடையது. காயை உரிப்பது அம்மாவும் மகளும். உரித்த பயறை வெந்நீரில் போட்டு எடுத்து, மேல்தோலைப் பிதுக்கித் தள்ளுவதும் அவர்களே. பிதுக்கும்போது பயறு பிளக்கக் கூடாது. பிளந்தால், “அது ரெண்டா வேகும், கணக்குல வராது” என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியவை உரித்தவர்கள் தட்டுக்கு. மகள் வளர்ந்ததே பிளந்த மொச்சையில்தான்.

பிறகு அவர் தன் ஆயுதத்தை எடுப்பார். இரண்டு அளவில் துளை போட்ட ஒரு தகடு. தொழிற்சாலையில் மிச்சத் தகட்டில் அவரே துளைத்து, விளிம்பைத் தேய்த்துக் கொண்டுவந்தது. சின்னத் துளையில் விழுந்தால் இளசு. பெரிய துளையில் விழுந்தால் நடுத்தரம். எதிலும் விழாதது முற்றல். மூன்றும் தனித்தனியாக வேக வேண்டும். கொதிக்கத் தொடங்கியதும் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வார். அம்மா ஒரு பயறைக் கரண்டியில் நீட்டுவாள். அவர் முன்பல்லால் கடிப்பார். எல்லாரும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். “ம்ஹூம்.” இன்னொன்று. “ம்ஹூம்.” கடைசியில், “நிறுத்து!” அதற்கு முன்னால் அடுப்பை அணைக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

வெந்த பிறகு பூண்டும் மிளகும் எண்ணெயும் சேர்ப்பது அம்மா. அது எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஃபோர்மன் வரும் நாளில் மட்டும் இளசு முழுவதையும் அப்பாவே வாரி ஃபோர்மன் தட்டில் போடுவார். அது பெருமைக்கு என்று மகள் நினைத்திருந்தாள். பார், குறையில்லாத சரக்கு எப்படி இருக்கும் என்று எதிராளிக்குக் காட்டுகிறார்.

ஆகவே இந்த முறை குறை வரக் கூடாது என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அந்த வீட்டில் இருந்து ஒரு பொருளையாவது தள்ளிவைக்கும் நாளுக்கு ஃபோர்மன் பல காலமாகக் காத்திருப்பார். மொச்சையில் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அவர் அப்பாவைத் திட்டட்டும், மொச்சையைத் திட்டக் கூடாது.

உரித்தார்கள். அத்தை உரித்ததைவிட வாயில் போட்டது அதிகம்.

“பச்சையாத் திங்காத, வயிறு வலிக்கும்” என்றாள் அம்மா.

“எங்கண்ணன் இருந்தா இப்படிக் கணக்குப் பாப்பாரா அண்ணி?”

“உங்கண்ணன் இருந்தா உன்ன உரிக்கவே விட்டிருக்க மாட்டாரு. நீ நகம் வெச்சிருக்க.”

மகள் தகட்டில் போட்டுப் பிரித்தாள். மூன்று சட்டிகள். தண்ணீர் கொதித்தது. முதலில் இளசைப் போட்டாள். மூன்று பெண்களும் சட்டியைச் சுற்றி நின்றார்கள். அம்மா கரண்டியில் ஒரு பயறை எடுத்து ஊதினாள். ஊதி, வாசல் பக்கம் நீட்டினாள். அங்கே நாற்காலி இல்லை. சாவுக்கு வந்தவர்கள் உட்காரக் கூடத்துக்கு எடுத்துப்போனது, அங்கேயே இருந்தது. அம்மா கரண்டியைத் திருப்பி மகளிடம் நீட்டினாள். மகள் கடித்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“வெந்துருச்சா?”

“வெந்த மாதிரிதான் இருக்கு. நீ பாரு.”

அம்மா கடித்தாள். “எனக்கென்ன தெரியும்? நான் என்னிக்குப் பாத்தேன்? நீ சொல்லு” என்று அத்தையிடம் கொடுத்தாள். அத்தை கடித்து, கண்ணை மூடி, “எங்கண்ணன் எப்படிக் கடிப்பாரு...” என்று விம்மத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்தியதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு மறுபடி ஒரு சுற்றுக் கடித்தார்கள். மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் நடுத்தரம் கொதித்துக்கொண்டிருந்தது, முற்றலும் கொதித்துக்கொண்டிருந்தது. மூவருக்கும் கை இருந்தது, அடுப்புக்குத் திருகு இருந்தது. ஒருவரும் திருகவில்லை. யாரோ சொல்ல வேண்டும் என்று மூவரும் நின்றார்கள். உடையப்போகிற இயந்திரத்தைக் கண்டால் ஆலை முதலாளியையே கேட்காமல் மின்சாரத்தை நிறுத்துகிறவள் மகள். அவளும் நின்றாள்.

வாசலில் மணி அடித்தபோதுதான் விழித்துக்கொண்டார்கள். அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மகள் சட்டியில் கரண்டியை விட்டாள். பயறு வரவில்லை, கூழ் வந்தது. சுவரில் பூசினால் நிற்கும் போலிருந்தது.

ஃபோர்மன் கைத்தடியோடு வந்து மேசையில் உட்கார்ந்தார். காலை நீட்ட ஒரு முக்காலி போட்டார்கள். மகள் வேறு வழியில்லாமல் கூழில் பூண்டும் மிளகும் எண்ணெயும் கலந்து, ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லையோ என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு வாய் தின்றார்.

“பிரமாதம்மா” என்றார்.

மகளுக்குக் காது சுட்டது.

“உங்கப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. தங்கமான மனுஷன்.”

“பாத்தியா!” என்றாள் அத்தை.

மகள் ரொட்டித் தட்டை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. “மாமா, நீங்களுமா? இது பிரமாதமா? இத நாய்க்குப் போட்டா நம்மளக் கடிச்சிடும். எங்கப்பா தங்கமா? உங்க வாயால சொல்லுங்க. அவர் உங்க சரக்க எத்தன தடவ திருப்பி அனுப்பினாரு?”

“செத்தவங்கள...” என்று அத்தை தொடங்கினாள்.

“அத்தை, நீங்க சும்மா இருங்க. மாமா, இந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் ஒரே பொய்யச் சொல்லிட்டுப் போய்ட்டாங்க. நீங்க ஒருத்தராவது நெஜத்தச் சொல்லுவீங்கன்னுதான் மொச்சையே வாங்கினோம்.”

ஃபோர்மன் கரண்டியைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள்.

“சரி. முதல்ல இது மொச்ச இல்ல, பசை” என்றார். “ரெண்டாவது, எனக்கு மொச்சையே ஒத்துக்காது. தின்னா ராத்திரி பூரா வயிறு ஊதிக்கும்.”

“அப்புறம் ஏன் வருஷா வருஷம் வந்தீங்க?”

“வராம இருந்தா உங்கப்பா தப்பிச்சிருவாரே.”

ஃபோர்மன் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார். “என்னைப் பிரிவு மேலாளரா போடறதா இருந்த நேரம். பெரிய ஆர்டர் ஒண்ணு, தண்டு. அன்னிக்குக் காலைல கான்டீன்ல எல்லார் முன்னாலயும் உங்கப்பாவக் கிண்டல் பண்ணேன். ‘ஏம்பா, உன் வீட்டு மொச்சைக்கும் அளக்கக் கேஜ் வெச்சிருக்கியா’ன்னு. சும்மா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் முகம் செத்துப்போச்சு. நெஜமாவே வெச்சிருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் என் மொத்த லாட்டுக்கும், கடைஞ்ச தண்டு அத்தனைக்கும், சிவப்பு முத்திரை. விட்டம் அதிகம்னு.”

“அதிகம்னா மறுபடி கடைஞ்சிருக்கலாமே?” என்றாள் மகள். அவளை அறியாமல் முன்னால் சாய்ந்திருந்தாள்.

“கடைஞ்சோம். அளவுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் பாத்தா அளவுக்குக் கீழ. மொத்தமும் பழைய இரும்புக்குப் போச்சு. மேலாளர் வேலை நேத்து வந்தவனுக்குப் போச்சு.”

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மறுநாள் சிறுசாப் போச்சா? அப்படின்னா முதல்ல அளந்தப்பவே சூடா இருந்திருக்கு. கடைஞ்ச சூட்டோட அளந்திருக்காரு. ஆறினா சுருங்கியிருக்கும். சரியா வந்திருக்கும்.”

“வந்திருக்கும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? மறுநாளே புரிஞ்சுது. ஆனா யார்கிட்டச் சொல்ல? ரிஜெக்ட் தப்பா அளந்தாருன்னா எவன் நம்புவான்? ஊரே சிரிக்கும்.”

“ஆனா மாமா, கைல பிடிச்சுத்தானே அளக்கணும். சூடு தெரியாதா?”

ஃபோர்மன் ரொட்டியை வாயில் போட்டு நிதானமாக மென்றார். “தெரிஞ்சிருக்கும்” என்றார்.

அத்தை வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். மேசைமேல் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி, பிறகு இருந்த இடத்திலேயே வைத்தாள். “அந்த வாரக் கடைசியிலதான் வந்து சொன்னாரு. ஃபோர்மனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்னு. ஆயுசுல ஒருத்தரையும் கூப்பிட்டதில்ல. நான் காய்ச்சலோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன்.”

“மன்னிப்புக் கேட்டாராம்மா?”

“அவரா? அந்த வார்த்தைக்கு அவர் வாயில இடமே கிடையாது. இளசாப் பாத்துப் பொறுக்கிப் பொறுக்கி இவர் தட்டுல போட்டாரு. அவ்வளவுதான்.”

“அவ்வளவேதான்” என்றார் ஃபோர்மன். “நானும் ஒவ்வொரு வருஷமும் பாப்பேன், இந்த வருஷம் கேப்பாரு, இந்த வருஷம் கேப்பாருன்னு. வாயத் தொறப்பாரு. ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா’ன்னு கேப்பாரு. நானும் போடுன்னுவேன். எனக்கு வயிறு கெட்டுச்சு, அவருக்கு நிம்மதி கெட்டுச்சு. சரிக்குச் சரி.”

அம்மா சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அத்தை அவளைப் பயத்தோடு பார்த்தாள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனதில் அப்பா சூடான தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கை சுடுகிறது. பல்லைக் கடிக்கிறார். அளக்கிறார். முத்திரையை எடுக்கிறார். எல்லாம் தெரிந்தே செய்கிறார். பிறகு பல ஆண்டுகள் அதே கையால் மொச்சையைப் பொறுக்குகிறார். அற்பமான, வீம்பு பிடித்த, வாய் வராத மனிதர். இவரை அவளுக்குத் தெரியும். இவர்தான் செத்துப்போனவர். அவள் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

“மாமா, அவருக்குப் பதிலா நான் கேக்கட்டுமா?”

“எத?”

“மன்னிப்ப.”

“நீ அளந்தியா அந்த லாட்ட?”

“இல்ல.”

“அப்போ நீ கேக்கக் கூடாது. அளந்தவன் கேக்கணும்.” அவர் குரல் சட்டென்று ஏறியது. அதுவரை போட்ட ‘அவர்’ காணாமல் போனது. “ஒரு வருஷம் பொறுக்க முடியல அவனுக்கு. இந்த வருஷம் கேட்டிருப்பான். எனக்குத் தெரியும், கேட்டிருப்பான். போய்ட்டான், ராஸ்கல்.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தட்டில் இருந்த கூழை ரொட்டியால் வழித்துத் தின்னத் தொடங்கினார். வேகமாக, யாரையும் பார்க்காமல், கடைசிவரை தின்றார். அம்மா இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் தின்றார்.

புறப்படும்போது மகள் அவர் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடந்தாள். மூட்டு இன்னும் மடங்கவில்லை. தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“வேற என்னெல்லாம் பண்ணாரு மாமா?”

“யாரு?”

“அப்பா.”

“அது ஒரு நாள்ல சொல்ற சங்கதியா? உக்காந்து சொல்லணும்.”

“நாளைக்கு வாங்க.”

“நாளைக்கும் பசையா?”

“வேற ஏதாவது பண்றேன். வயித்துக்கு ஒத்துக்கிற மாதிரி.”

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் வீட்டில் யாரும் பல்கூடத் துலக்கவில்லை, மணி அடித்தது. மகள் போய்த் திறந்தாள். ராத்திரி பூராவும் தூங்காத முகத்தோடு ஃபோர்மன் நின்றிருந்தார். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் செருப்பைத் தள்ளும்போதே தொடங்கிவிட்டார்.

“உங்கப்பா என் கல்யாணத்துக்கு வந்து பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? அம்மாவையும் கூப்பிடு, அவங்களும் கேக்கட்டும்.”